ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி, ஜனவரி 6

அப்பாவுக்கு வயது 58. போன மாதம்தான் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆவாரம்பூ டீ குடித்தால் மூன்றே மாதத்தில் மாத்திரையே வேண்டாம் என்று சித்தப்பா குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். அப்பா மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு டீக்கு மாறப் போகிறேன் என்கிறார். ஆவாரம்பூவோடு செம்பருத்தி, சங்குப்பூ, ரோஜா, சாமந்தி எல்லாம் கலந்த மலர் டீ பாக்கெட் ஒன்றையும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறார். குடிக்கலாமா? பலன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

நிறுத்தக் கூடாது தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் காங்கேயம் பக்கம் மருந்துக்கடையில் மருந்தாளுநர். வருடம் தவறாமல் ஆவாரம்பூ பறித்துக் காயவைத்துக் குடிக்கிறவள். அதனால் பூவுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மாத்திரை வாங்க வருவதை நிறுத்தியவர்கள் சில மாதம் கழித்துக் கால் புண்ணோடு, மங்கிய கண்ணோடு திரும்பி வருவதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். சர்க்கரை ஏறினால் உடனே வலிக்காது. அதுதான் இதில் பெரிய ஆபத்து. அப்பாவுக்கு இப்போது உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதை வைத்து டீ வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்.

மாத்திரையும் இருக்கட்டும், டீயும் இருக்கட்டும். விவரம் நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7

ஆவாரம்பூ பற்றி.

சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக்கு இடம் உண்டு. பொய்யில்லை. ஆனால் அங்கே அது தனியாக வருவதில்லை. ஆவாரைக் குடிநீர் என்ற மருந்தில் கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை எல்லாம் சேர்ந்துதான் வரும். அதைச் சுண்டக் காய்ச்சி வற்ற வைத்துக் கொடுப்பார்கள். நாம் வீட்டில் ஒரு சிட்டிகை பூவை வெந்நீரில் போட்டு எடுப்பது அதே பெயருள்ள வேறு சமாச்சாரம்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்றால், இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆவாரம்பூவை நீரில் சாறெடுத்து, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்தது. சர்க்கரை இறங்கியது. கொடுத்த உச்ச அளவு எலியின் எடையில் கிலோவுக்கு 0.45 கிராம். எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே போடக் கூடாது, உரிய முறையில் குறைக்க வேண்டும். குறைத்தாலும் 60 கிலோ ஆளுக்குச் சுமார் 4 கிராம் சாறு வருகிறது. பூவின் எடை இல்லை, பூவிலிருந்து இறங்கி நீர் வற்றிய பின் மிஞ்சும் சத்தின் எடை. ஒரு டம்ளர் டீக்கு நாம் போடுவது 2 கிராம் காய்ந்த பூ. அதில் பாதிகூட நீரில் இறங்காது. எலிக்குக் கிடைத்ததும் அப்பாவுக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்குத்தான் இவ்வளவு கணக்கு.

அப்படியானால் ஏன் குடிக்கிறேன்? எனக்குப் பிடித்திருக்கிறது. பனி காய்ந்த பிறகு காலையில் பறித்தால், மஞ்சள் இதழுக்கு நடுவே மகரந்தத் தண்டுகள் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். அந்த இடுக்கில் கட்டெறும்பும் பொடிப் பொடிக் கருவண்டும் இருக்கும். முறத்தில் பரப்பிச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் அதுவே இறங்கிப் போய்விடும். அப்புறம் காம்பை நீக்கி, வெள்ளை வேட்டியில் நிழல் காய்ச்சலாக மூன்று நான்கு நாள். பளீர் மஞ்சள் மங்கி, பழுப்பேறி, தொட்டால் சரசரக்கும். கொதி அடங்கிய நீரில் போட்டு மூடி வைத்தால் தேன் நிறம். முதல் வாயில் பச்சைப் பயறு வாடை, அடுத்தது துவர்ப்பு. சுக்கு ஒரு துண்டும் ஏலக்காய் ஒன்றும் தட்டிப் போட்டால் வாடை அடங்கிவிடும்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது ஒன்று. பாக்கெட்டின் பின்பக்கம் "நாட்டுச்சர்க்கரை அல்லது கருப்பட்டி சேர்த்துப் பருகவும்" என்று போட்டிருந்தால் அப்பா அந்த வரியை மட்டும் கேட்க வேண்டாம். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் நிற்கும். சர்க்கரைக்காரர் குடிப்பதென்றால் வெறுமனே குடிக்க வேண்டும்.

ஜனவரி 10

பெரியம்மாவுக்குச் சாப்பிட்டபின் 240 இருந்தது, டீ மட்டும் குடித்து இரண்டே மாதத்தில் 150க்கு வந்துவிட்டது, இதற்கென்ன சொல்கிறீர்கள் என்று கோவைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நம்புகிறேன். ஆனால் ஒரு கேள்வி. அதற்கு முன் பெரியம்மா நாளைக்கு எத்தனை டம்ளர் பால் டீ குடித்துக்கொண்டிருந்தார்? நம் பக்கம் நாலு சாதாரணம். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். நாலுக்கு 40 கிராம். அதுவே 160 கலோரி, பாலையும் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டையும் விட்டுவிட்டு. அத்தனையும் இருந்த இடத்தில் இப்போது வெறும் பூ நீர் வந்திருக்கிறது. அளவு இறங்காமல் என்ன செய்யும்?

பூ டீயின் முதல் பலன் அது எதைத் தள்ளி வைக்கிறதோ அதில் இருக்கிறது. இதை நான் கடையில் எல்லோரிடமும் சொல்கிறேன். சின்னப் பலன் என்று நினைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் சூடாக ஏதாவது வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்குக் கை டம்ளரைத் தேடும். அந்தப் பழக்கத்தை வெறுங்கையோடு விட முடியாது. அந்த இடத்துக்கு ஆவாரம்பூ அருமையாகப் பொருந்துகிறது. காஃபீன் இல்லாததால் ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது.

ஜனவரி 12

இனி பாக்கெட்டில் உள்ள மற்ற பூக்கள். செம்பருத்தியில் தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அதில்தான் அதிகம்.

"செம்பருத்தி டீ ரத்த அழுத்தம் குறைக்கும், அமெரிக்க ஆராய்ச்சி" என்று சுற்றுகிற செய்தியின் மூலம் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு. 2010இல் வந்தது. நல்ல ஆய்வு. அழுத்தம் சற்றே கூடுதலாக இருந்த 65 பேர், மாத்திரை சாப்பிடாதவர்கள். ஆறு வாரம் நாளுக்கு மூன்று கோப்பை, கோப்பைக்கு 240 மில்லி. குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7.2 இறங்கியது. அதே நிறத்தில் சும்மா ஒரு பானம் குடித்தவர்களுக்கு 1.3.

ஆனால் அந்தச் செடி நம் வாசலில் நிற்கும் செம்பருத்தி இல்லை. அது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா, நம் புளிச்சகீரை வகை. அதிலும் எடுப்பது இதழை அல்ல, பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றாக நிற்கும் சிவப்புப் புல்லிவட்டத்தை. எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்று குடிப்பது இதைத்தான். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், வாயில் வைத்தாலே புளிக்கும். நம் வீட்டுச் செம்பருத்தி ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ். குடும்பம் ஒன்று, செடி வேறு, எடுக்கும் பாகமும் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றின் பாக்கெட்டில் ஒட்டுகிறார்கள். இது எனக்கு நிஜமாகவே கோபம் வரவழைக்கிற விஷயம்.

வீட்டுச் செம்பருத்தியைக் குடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒற்றையடுக்குச் சிவப்புப் பூவில் ஐந்து இதழையும் பிய்த்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் இதழ் வெளுத்துத் துவண்டு போகும், நீர் கருஞ்சிவப்பாகிக் கொஞ்சம் வழவழக்கும். எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் நிறம் பளிச்சென்று மாறும். வெயில் காலத்துக்கு இதமான பானம். ஆனால் கர்ப்பிணிகளும், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் தொட வேண்டாம். இந்தப் பூவின் சாறு கரு தங்குவதைத் தடுப்பதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்கடே குடிக்கத் தொடங்கினால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது, இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை அதிகமாக இறக்கலாம்.

ஜனவரி 13, போகி

இன்று காப்புக்கட்டு. ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகியாயிற்று. கொங்கு நாட்டில் இந்த ஒரு நாள் ஆவாரை இல்லாத வாசல் கிடையாது. சந்தையில் காப்புக் கட்டு வாங்கியவர்கள் மிச்சப் பூவைக் காயவைத்துக் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். சாலையோரம் வெட்டியதா, தூசியும் வண்டிப் புகையும் படிந்ததா, பக்கத்துத் தோட்டத்துக்குக் களைக்கொல்லி அடித்தபோது தெறித்ததா, ஒன்றும் தெரியாது. குடிக்கிற பூ நீங்கள் பார்த்துப் பறித்ததாக இருக்கட்டும். நான் எங்கள் மானாவாரிக் காட்டு வேலியில் மட்டும்தான் பறிப்பேன்.

ஆவாரை பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். இந்தச் செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு மூலப்பொருள். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தின் பட்டை இங்கே வந்து இடத்தைப் பிடிக்கும்வரை மூட்டை மூட்டையாகப் போனது. பட்டையில் டானின் அதிகம், தோலிலுள்ள புரதத்தை இறுக்கிப் பிடித்துக் கெடாமல் வைப்பது அதுதான். பூவில் அந்த அளவு கிடையாது. ஆனாலும் நாக்கில் தெரியும் துவர்ப்பு அதே குடும்பத்துச் சரக்கு. அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். எனவே ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் இந்த டீயோடு விழுங்கக் கூடாது. இது பால் டீக்கும் பொருந்தும்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்தது. விட்ட இடத்திலிருந்து.

சங்குப்பூ. நீல நிறம் ஆளை மயக்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாய்லாந்தில் இதை இனிப்புப் பானமாகவும், மலேசியாவின் கிளந்தானில் நீலச் சோறாகவும் நெடுங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் 2021இல் இதன் சாற்றை உணவு நிறமியாகச் சேர்க்க அனுமதி கொடுத்தார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022இல் காய்ந்த பூவை உணவாக விற்பதற்குப் பாதுகாப்பு ஆட்சேபம் எழுப்பியது. நான் எப்போதாவது ஒரு டம்ளருக்கு நாலைந்து பூ போடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். நினைவாற்றலுக்கு, முடிக்கு, கண்ணுக்கு என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். வேரும் விதையும் கடும் பேதி, பறிக்கும்போது பிஞ்சுக் காய் கலந்துவிடாமல் பாருங்கள்.

ரோஜாவும் சாமந்தியும். தயவுசெய்து பூக்கடையில் வாங்கிய பூவை வெந்நீரில் போடாதீர்கள். மாலைக்கும் பூஜைக்கும் வளர்க்கிற பூவுக்கு மருந்தடிப்பதில் சாப்பாட்டுப் பயிருக்குள்ள கட்டுப்பாடு கிடையாது. பறிப்பதற்கு முந்தின நாள்கூட அடிப்பார்கள், பூவில் புழு இருந்தால் விலை போகாது. அலசினால் போகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே ஒட்டியது ஓரளவு போகும், செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிய மருந்து போகாது. வீட்டுத் தொட்டியில் மருந்தில்லாமல் வளர்ந்த பன்னீர் ரோஜா என்றால் தாராளமாகப் போடுங்கள், மணமே போதும்.

சாமந்தி டீ என்பது சீனர்கள் குடிப்பது. ஹாங்சோ பக்கம் குடிப்பதற்கென்றே வெள்ளைச் சாமந்தி வளர்க்கிறார்கள். நம் பாக்கெட்டுகளில் சாமந்தி என்று போட்டிருப்பது பல சமயம் கேமமைல். அது வேறு செடி. கேமமைல் தூக்கத்துக்கு இதமானது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். சாமந்தி வகைப் பூக்கள் பட்டால் தும்மல், தடிப்பு வருகிறவர்களும் அப்படியே.

ஐந்து பூ கலந்த பாக்கெட்டில் எனக்குள்ள குறை இதுதான். எது எவ்வளவு என்று தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் எந்தப் பூவால் என்றும் சொல்ல முடியாது. ஒன்றொன்றாகக் குடித்துப் பாருங்கள்.

ஜனவரி 19

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருப்பதைப் படித்தீர்களா? இலங்கையில் ஆவாரம்பூவைச் சிங்களத்தில் ரணவரா என்று சொல்லித் தேத்தண்ணிக் கடையிலேயே கொடுக்கிறார்கள் என்கிறார். வில்வம்பூவைக் காயவைத்துக் கொதிக்க வைக்கும் பெலிமல்லும் அங்கே வழக்கம். இனிப்பை உள்ளே கலப்பதில்லை, வெல்லக் கட்டியைத் தனியே கடித்துக்கொண்டு குடிப்பார்கள். நம்மூரில் வில்வம் கோயிலோடு நின்றுவிட்டது. பூ உதிரும் காலத்தில் மரத்தடியில் துணி விரித்துச் சேகரிக்கலாமே என்று அக்கா சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது.

ஜனவரி 24

மாத்திரையும் இருக்கட்டும், டீயும் இருக்கட்டும் என்று முதல் நாள் எழுதியதை யோசித்துப் பார்த்தேன். அதை எல்லோருக்குமான பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது, விரித்துச் சொல்ல வேண்டும்.

தம்பியின் அப்பா சாப்பிடுவது மெட்ஃபார்மின் மட்டும். அது தனியாகச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் கதை வேறு. அவர்கள் வெறும் வயிற்றில் ஆவாரைக் கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சிக் குடித்துவிட்டு, காலைச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், தாங்காத பசி எடுக்கும். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கஷாயம் தொடங்கக் கூடாது.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் எந்த மூலிகைக் கஷாயத்தையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

பிப்ரவரி 2

தம்பி, படம் போட்டது நல்லதாயிற்று. அது ஆவாரை இல்லை. பேயாவாரை. ஊருக்குப் போன இடத்தில் பறித்தது என்கிறீர்கள், அப்படியே கொட்டிவிடுங்கள்.

பூவின் மஞ்சளை வைத்து முடிவு செய்யாதீர்கள், இலையைப் பாருங்கள். ஆவாரையில் சிற்றிலைகள் சிறியவை, நெருக்கமாக எட்டுப் பத்து ஜோடி இருக்கும், நுனி மழுங்கியிருக்கும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காது மடல் போல அகலமாக ஒரு செதில் இரு பக்கமும் நிற்கும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம். காய் தட்டையாகக் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். பேயாவாரையில் சிற்றிலை பெரிது, நாலைந்து ஜோடிதான், நுனி கூர்மை. கசக்கினால் நாறும்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் வருடாவருடம் சிறு பிள்ளைகள் என்ன நோயென்று தெரியாமல் இறந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், பேயாவாரை விதையை விளையாட்டாகத் தின்றதுதான் காரணம். ஈரல், மூளை, தசை மூன்றையும் ஒருசேரத் தாக்கியிருக்கிறது. வீட்டருகே இந்தச் செடி இருந்தால் காய்க்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

ஏப்ரல் 11

அப்பாவுக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, 8.4இலிருந்து 7.1க்கு வந்திருக்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டார், பால் டீயை விட்டார், சாயங்காலம் நடக்கிறார், ஆவாரம்பூ குடிக்கிறார். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. எனக்கு அது தேவையும் இல்லை. ஆனால் குறைந்ததைப் பார்த்து மாத்திரையை அவராகப் பாதியாக உடைத்துவிடக் கூடாது. குறைக்கலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், டீ குடிப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால் திட்டுவாரோ என்று பயந்துதான் பலர் ஒளிக்கிறார்கள். சொன்னால்தான் எந்த அளவு எதனால் மாறுகிறது என்று அவர் பார்க்க முடியும்.

டப்பாவில் பூ நமுத்து வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, வெயிலில் காயவைத்தால் சரியாகுமா என்ற கேள்விக்கு: ஆகாது. அது பூஞ்சணம். வெயிலில் காய்ந்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு கொதிநீருக்கும் அசையாது. முழு டப்பாவையும் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி ஒட்டக் காயவையுங்கள். அடுத்த முறை கையில் நொறுங்குகிற பதம் வந்த பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள், ஈரக் கரண்டி விடாதீர்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன பாட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டால் பெரிய பாட்டிலை அடிக்கடி திறக்க வேண்டியிருக்காது.